வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் – 12: சிஸ்டர் கேட்ட கேள்வி

போன வாரம் டாக்டர் டொனால்டு பிங்கலோடு அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் இருந்தோம். 1962 பிப்ரவரியில் அங்கே செயின்ட் ஜூட் மருத்துவமனை திறந்தபோது, குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய் வகையில் நூற்றுக்கு நாலு பிள்ளைகள் பிழைப்பதே பெரிது. பிங்கலின் குழு பத்தாண்டுகளுக்குள் அதைப் பாதியளவுக்கு உயர்த்தியது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள், தண்டுவடத்தில் ஊசி போட்டார்கள், தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள், அப்புறம் வருடக்கணக்கில் மாத்திரை. முரட்டு வைத்தியம்தான். ஆனால் பலித்தது.

இந்த வாரம் அதே மாதிரியான ஒரு வார்டுக்குள் இரவு பதினொரு மணிக்கு நுழைவோம். பெரிய டாக்டர்கள் வீட்டுக்குப் போயாகிவிட்டது. அம்மா நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். பையன் விழித்திருக்கிறான். டிரிப்பை மாற்ற வந்த நர்ஸிடம், அம்மாவுக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ஏதோ சொல்கிறான். கேஸ் ஷீட்டில் காய்ச்சலுக்குக் கட்டம் உண்டு. ரத்த அணுக்களின் எண்ணிக்கைக்கு உண்டு. எத்தனை முறை வாந்தி என்பதற்கும் உண்டு. அவன் சொன்னதை எழுத மட்டும் இடம் கிடையாது. விடிந்ததும் அந்தச் செய்தி நர்ஸோடு வீட்டுக்குப் போய்விடும்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த செய்திகளை ஆராய்ச்சியாக்கிய செவிலியர்களில் ஒருவர் பமேலா ஹைண்ட்ஸ். செயின்ட் ஜூடில் செவிலியர் ஆராய்ச்சிப் பிரிவை நடத்தி, பிறகு வாஷிங்டனில் உள்ள சில்ட்ரன்ஸ் நேஷனல் மருத்துவமனைக்குப் போனவர். முனைவர் பட்டம் பெற்ற செவிலியர். ‘நர்ஸுக்கு எதற்கு முனைவர் பட்டம்?’ என்று கேட்பவர்கள் நம் ஊரில் மட்டும் இருக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1985-ல் அமெரிக்கக் காங்கிரஸ், தேசிய சுகாதார ஆராய்ச்சி அமைப்புக்குள் செவிலியர் ஆராய்ச்சிக்கென ஒரு மையம் அமைக்கச் சட்டம் கொண்டுவந்தது. அதிபர் ரேகன் அந்தச் சட்டத்தைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். அவருடைய மறுப்பைத் தாண்டிக் காங்கிரஸ் அதை நிறைவேற்றியது. 1986-ல் மையம் வந்தது. 1993-ல் முழு அளவிலான தேசிய நிறுவனமாக உயர்ந்தது. ஆக, ஆராய்ச்சிக்கென்று தனி நிதி கேட்கவே அங்கும் செவிலியர்கள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

ஹைண்ட்ஸ் முதலில் கையில் எடுத்தது நம்பிக்கை. புற்றுநோய் வார்டில் எல்லோர் வாயிலும் புழங்குகிற சொல். ஆனால் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணுக்கு நம்பிக்கை இருக்கிறது என்றால் அவளிடம் சரியாக என்னதான் இருக்கிறது? பெரியவர்களை மனத்தில் வைத்துத் தயாரித்த கேள்வித்தாளை அவளிடம் நீட்டினால் பெரியவர்களின் பதில்தான் திரும்பி வரும். அதனால் வளரிளம் வயதினரிடம் பேசி, அவர்கள் சொன்னதிலிருந்தே விளக்கத்தைத் திரட்டினார். 1984-ல் வெளிவந்த அவருடைய கட்டுரை இந்த முறையைப் பற்றியது. அந்த ஆய்வுகளில் உருவான விளக்கத்தின் சாரம் இது: தனக்கோ பிறருக்கோ நல்ல எதிர்காலம் ஒன்று இருக்கிறது என்று, நடப்பை மறுக்காமலே ஒரு பிள்ளை கொள்ளும் ஆறுதலான எண்ணம். இந்த ‘பிறருக்கோ’ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருடம் கழித்து அது திரும்ப வரப்போகிறது.

இந்த விளக்கத்தை வைத்து 24 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலையும் உருவாக்கினார். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஒரு கோடு. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவில் தன் மனம் எங்கே நிற்கிறது என்று பிள்ளையே ஒரு கோடு கிழிக்க வேண்டியதுதான். மேல்பார்வைக்கு அற்பமாகத் தெரியும். ஆனால் அளக்க முடியாத எதையும் புற்றுநோய் ஆராய்ச்சியில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. செவிலியர்கள் அந்த உலகத்துக்குள் நுழைந்தது இப்படித்தான்: தாங்கள் பார்த்ததை எண்ணாக்கிக் காட்டி.

அடுத்தது களைப்பு. கீமோ எடுக்கும் குழந்தை சோர்ந்து கிடப்பதை எல்லோரும் பார்க்கிறோம். அது இயல்பு என்று கடந்துவிடுகிறோம். ஹைண்ட்ஸும், ஹூஸ்டனில் பணியாற்றிய மரிலின் ஹாக்கன்பெர்ரியும் சேர்ந்து, களைப்பு என்றால் என்ன என்று குழந்தைகளிடமும் பெற்றோரிடமும் ஊழியர்களிடமும் தனித்தனியாகக் கேட்டார்கள். ஏழிலிருந்து பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகள் உடம்பைத்தான் சொன்னார்கள்: கை கால் அசைக்க முடியவில்லை, விளையாட முடியவில்லை என்கிற மாதிரி. பதின்மூன்று தாண்டியவர்களிடம் உடம்பும் மனமும் கோபமும் மாறி மாறி வந்தன. பெற்றோரும் ஊழியர்களும் சொன்னது இந்த இரண்டிலிருந்தும் வேறுபட்டது. எனவே ஒரே அளவுகோல் எல்லோருக்கும் சரிப்படாது என்று வயதுக்கு ஒன்றும் பெற்றோருக்கு ஒன்றுமாகத் தனித்தனி அளவுகோல்கள் செய்தார்கள். ஹாக்கன்பெர்ரியின் பெயர் நம் நர்சிங் கல்லூரி மாணவிகளுக்குப் பழக்கமானதுதான். குழந்தை மருத்துவச் செவிலியத்துக்கு அவர்கள் புரட்டும் வாங் பாடநூலின் பதிப்பாசிரியர் அவர்.

இந்த அளவுகோல்களால் என்ன பயன் என்று கேட்கலாம். 2007-ல் வந்த ஆய்வு ஒன்று போதும். ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு முக்கியமான மருந்து. பல சிகிச்சை முறைகளில் அதைச் சில நாள் கொடுத்து, நிறுத்தி, மறுபடி கொடுப்பார்கள். அந்த நாட்களில் பிள்ளை வேறு பிள்ளையாகிவிடுகிறது என்று தாய்மார்கள் காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள்: ஓயாத பசி, சிடுசிடுப்பு, தூக்கக் கோளாறு. ஹைண்ட்ஸின் குழு மூன்று மருத்துவமனைகளில் 100 பிள்ளைகளின் மணிக்கட்டில், அசைவைப் பதிவுசெய்யும் கைக்கடிகாரம் போன்ற ஒரு கருவியைக் கட்டியது. பத்து நாள்: மருந்து இல்லாமல் ஐந்து, மருந்தோடு ஐந்து. மருந்து நாட்களில் தூக்க நேரம் கூடியது. தூங்கியதால் தெளிச்சி வந்ததா என்றால் இல்லை. களைப்பும் கூடவே ஏறியிருந்தது. தாய்மார்கள் சொன்னதற்கு இப்போது பதிவேடு கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு நர்ஸ் மருந்துச் சீட்டைக் கொடுக்கும்போதே, இந்த ஐந்து நாளும் இவன் இப்படித்தான் இருப்பான், பள்ளிக்கூடத்திலும் சொல்லி வையுங்கள் என்று உறுதியாகச் சொல்லலாம். என்னைக் கேட்டால், ஒரு புது மருந்தின் கண்டுபிடிப்புக்கு இது சற்றும் இளைத்ததில்லை.

இனி, இருபது பிள்ளைகளிடம் பேசி ஹைண்ட்ஸின் குழு செய்த ஓர் ஆய்வுக்கு வருவோம். 2005-ல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் முக்கியமான இதழில் வெளிவந்தது. மெம்பிஸிலும் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் நடந்தது. பத்திலிருந்து இருபது வயது வரையிலானவர்கள். எந்தச் சிகிச்சைக்கும் நோய் கட்டுப்படாத நிலை. ஒவ்வொருவரும் மூன்றில் ஒரு முடிவில் பங்கெடுத்திருந்தார்கள். முதல் கட்ட மருந்துப் பரிசோதனையில் சேர்வது ஒன்று. இதயம் நின்றால் மறுபடி இயக்க முயல வேண்டாம் என்பது இன்னொன்று. நோயை விரட்டுவதை நிறுத்திவிட்டு வேதனையைத் தணிக்கும் கவனிப்புக்கு மாறுவது மூன்றாவது. முடிவெடுத்த ஏழு நாட்களுக்குள் பிள்ளையிடமும், பெற்றோரில் ஒருவரிடமும், மருத்துவரிடமும் தனித்தனியாகப் பேசினார்கள்.

கேட்கலாமா என்பதே முதல் சிக்கல். சாகப்போகும் குழந்தையிடம் போய் ஆராய்ச்சிக் கேள்வி கேட்பதா என்று பதறாத நெறிமுறைக் குழு உலகத்தில் கிடையாது. அமெரிக்காவில் 1983-லேயே விதி வந்துவிட்டது: பெற்றோர் அனுமதி மட்டும் போதாது, விவரம் புரிகிற பிள்ளையின் இசைவும் வேண்டும். ஆகவே பிள்ளைக்கு விளக்க வேண்டும். அது ‘வேண்டாம்’ என்றால் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட வேண்டும். இந்த வேலைக்கு வேண்டிய பக்குவம், ராத்திரி டூட்டியில் பழகியவர்களிடம் இருந்தது. நரம்பு கிடைக்காமல் மூன்றாவது முறை ஊசி குத்த நேரும்போதும் பொய் சொல்லாமல் பேசக் கற்றவர்கள் அவர்கள்.

இருபது பேரில் 18 பேர், தங்களுக்கு இருந்த வழிகள் எல்லாவற்றையும் பிசகில்லாமல் திருப்பிச் சொன்னார்கள். இந்த முடிவின் விளைவு தங்கள் மரணம் என்பதையும் அவர்கள் சொன்னார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அதன் தலைக்கு மேலே ஆங்கிலத்திலோ கண் ஜாடையிலோ பேசிக்கொள்கிற நம் குடும்பங்களில் இந்த எண்ணை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும்.

ஏன் இந்த முடிவு என்று கேட்டதற்கு, 19 பிள்ளைகளின் பதிலில் மற்றவர்கள் வந்தார்கள். தனக்குப் பின் வரும் நோயாளிகளுக்கு உதவுவது, வீட்டாரின் மனம் என்று பிறரை நினைத்தே காரணம் சொன்னார்கள். முதல் கட்டப் பரிசோதனை என்பது பெரும்பாலும் மருந்தின் பாதுகாப்பான அளவைக் கண்டுபிடிக்கத்தான். அதில் சேர்பவர் குணமாகும் வாய்ப்பு சொற்பம். 1980-களில் நம்பிக்கையின் விளக்கத்தில் ஹைண்ட்ஸ் எழுதிவைத்த அந்த ‘பிறருக்கோ’ இங்கே கண்ணெதிரே நிற்கிறது.

அதே கேள்விக்கு 18 பெற்றோர் சொன்ன காரணம், தங்கள் பிள்ளையின் விருப்பம். மருத்துவர்களில் 14 பேர் சொன்னது, நோயின் போக்கும் உடல்நிலையும். ஒரே படுக்கையைச் சுற்றி நின்ற மூவர், ஒரே முடிவுக்கு மூன்று பாதைகளில் வந்திருக்கிறார்கள். பிள்ளை பிறரை எண்ணுகிறது, பெற்றோர் பிள்ளையை எண்ணுகிறார்கள், மருத்துவர் நோயை எண்ணுகிறார். யாரும் தவறில்லை. ஆனால் ஒருவர் பாதை மற்றவருக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். இருபது பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். புள்ளிவிவர வல்லுநர் உதட்டைப் பிதுக்குவார். இப்படிப்பட்ட தருணத்தில் இருபது பேரிடம் பேச முடிந்ததே எனக்கு அதிசயம்.

பெற்றோரிடம் பேசியதிலிருந்து இன்னொரு கிளை வளர்ந்தது. பிழைக்க வழியில்லை என்று தெரிந்த பின்பு ஒரு நல்ல அப்பாவோ அம்மாவோ என்ன செய்வார் என்று அவர்களையே கேட்டார்கள்; 2009-ல் வந்த கட்டுரையில் 62 பெற்றோர். பிள்ளைக்கு எது சரியோ அதைச் செய்வது, பக்கத்திலேயே இருப்பது, அன்பைக் காட்டுவது, வேதனைப்பட விடாமல் பார்ப்பது, ஊழியர்களிடம் பிள்ளைக்காகப் பேசுவது, ஆண்டவன் விட்ட வழி என்று நடப்பது என்று பதில்கள் வந்தன. ‘இன்னும் ஒரு கீமோ கொடுத்துப் பாருங்கள்’ என்று மன்றாடும் தகப்பனைப் பிடிவாதக்காரர் என்று வார்டில் பேசுவதுண்டு. அவர் மனத்திலோ, நல்ல தகப்பன் கைவிட மாட்டான் என்பது ஓடிக்கொண்டிருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் பேச்சே வேறு மாதிரி போகும். பின்னாளில் பிலடெல்பியாவின் டாக்டர் கிறிஸ் ஃபியூட்னர், இந்த நம்பிக்கைகளைப் பெற்றோரே வரிசைப்படுத்தும் ஆய்வாக விரித்தார். நர்ஸ் கண்டெடுத்த கேள்வியை டாக்டர் எடுத்துப்போவது அரிய நிகழ்வு. அதற்காகவும் இதைக் குறிப்பிடுகிறேன்.

கடைசியாக வந்தது அதிகாரம் உள்ள வேலை. புற்றுநோய் மருந்துச் சோதனைகளில் பக்கவிளைவுகளை மருத்துவக் குழுதான் ஒரு பொதுப் பட்டியல்படி தரம் பிரித்து எழுதிவந்தது. குமட்டல் எவ்வளவு, வலி எவ்வளவு என்பதைப் படுபவரைக் கேட்காமல் பார்ப்பவர் எழுதுவது! பெரியவர்களுக்கு நோயாளியே நிரப்பும் படிவம் வந்த பிறகு, குழந்தைகளுக்கும் ஒன்று வேண்டும் என்று பிரைஸ் ரீவ் என்ற அளவீட்டு நிபுணரோடு சேர்ந்து ஹைண்ட்ஸ் இறங்கினார். ஏழு முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகள் தாங்களே நிரப்பும் படிவம் இப்போது இருக்கிறது. நான் முதலில் சொன்ன கேஸ் ஷீட்டில் இல்லாத கட்டம், பல வருடங்களுக்குப் பிறகு மருந்துச் சோதனையின் பதிவேட்டில் ஏறிவிட்டது.

இந்தப் பாதையில் நம் ஊர்ப் பெண்ணொருத்தி போக முடியுமா? பி.எஸ்சி., எம்.எஸ்சி., முனைவர் பட்டம் எல்லாம் இங்கேயும் உண்டு. புற்றுநோய்ச் செவிலியத்துக்கு ஒரு வருட டிப்ளமாவும் உண்டு. படிப்பில் குறை இல்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது. கீமோ கலக்கவும் சிரை பார்க்கவும் தாயிடம் பேசவும் ஒருத்தி தேர்ந்து வருவதற்குள், வார்டு மாற்றல் உத்தரவு வந்து அவளைக் கண் பிரிவுக்கோ எலும்பு முறிவுப் பிரிவுக்கோ தூக்கிப்போட்டுவிடும். பல நாடுகளின் பொது மருத்துவமனைகளில் இதே கதைதான். குழந்தைப் புற்றுநோய்க்கான சர்வதேசச் சங்கம், வளரும் நாடுகளுக்கென 2014-ல் வெளியிட்ட செவிலியர் நெறிகளில், ஐந்து நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ், தீவிர சிகிச்சையிலும் எலும்பு மஜ்ஜை மாற்றுப் பிரிவிலும் இரண்டு பேருக்கு ஒருவர் என்று சொல்லியிருக்கிறது. தேர்ந்தவர்களை வேறு பிரிவுகளுக்குச் சுழற்றக் கூடாது என்பதும் அந்த நெறிகளின் பகுதிதான்.

உலக சுகாதார நிறுவனம் 2018-ல் ஓர் இலக்கு வைத்தது: 2030-க்குள் உலகெங்கும் புற்றுநோய் வந்த குழந்தைகளில் குறைந்தது 60 விழுக்காட்டினர் பிழைக்க வேண்டும். பணக்கார நாடுகளில் இப்போதே 80-ஐத் தாண்டிவிட்டது. ஏழை நாடுகள் பலவற்றில் 30-கூட இல்லை. அந்த இடைவெளியை மருந்து வாங்கி நிரப்பலாம் என்று நினைப்பவர்கள், அந்த மருந்தை ஏற்றப்போகும் கை யாருடையது, அது அடுத்த வருடமும் அதே வார்டில் இருக்குமா என்று கேட்டுவிட்டுக் கணக்குப் போடட்டும். ஹாக்கன்பெர்ரி தன் பிற்காலப் பணியில் ஆப்பிரிக்க நாடுகளின் வார்டுகளுக்குப் போய்ச் செவிலியர் பயிற்சியில் இறங்கினார். அந்த வார்டுகளைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)