முதுகு நீண்ட கதை

ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டை ஒரு கேழ்வரகு மணி அளவுதான். மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி வெளுப்பு. கருவுற்ற பின் இரண்டாக, நான்காக, எட்டாகப் பிளந்துகொண்டே போய் 10 மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான செல்கள் சேர்ந்துவிடும். ஆனால் உருண்டை பெருப்பதில்லை. வெளியிலிருந்து சாப்பாடு ஏது? பிசைந்து வைத்த மாவையே மேலும் மேலும் சிறிதாகக் கிள்ளிய மாதிரிதான்.

வேடிக்கை அதற்குப் பிறகு. உருண்டையின் கீழ்ப்பாதியில், ஒரு பக்கமாக, சின்னதொரு கீறல் விழுகிறது. அங்கிருக்கும் செல்கள் வெளிமுகம் சுருங்கிக் குடுவை வடிவம் கொள்வதால் வரும் பள்ளம் அது. அதன் விளிம்பைச் சுற்றி, வெளியே இருந்த திசு உள்ளே மடிந்து நுழைகிறது. கறுப்புத் தோல் பரந்து இறங்கி வெளுப்பை மூடுகிறது. கீறல் பிறையாகி, பிறை வட்டமாகிறது.

இந்தப் போக்குவரத்தைப் பின்தொடர வழி கண்டவர் ஜெர்மனியின் வால்டர் ஃபோக்ட். 1920களில் சாயம் ஊறிய அகர் துணுக்குகளைக் கருவின் மேல் அழுத்தி வைத்தார். செல்கள் சாகவில்லை, நிறம் மட்டும் ஏறியது. விளிம்பருகே வைத்த பொட்டு சில மணி நேரத்தில் உள்ளே மறைந்தது. பிறகு பார்த்தால், முதுகு நெடுக ஒரு கோடாகக் கிடந்தது!

பொட்டு எப்படிக் கோடாயிற்று? முன்னால் இருப்பவை இழுத்திருக்கலாம், பின்னால் இருப்பவை தள்ளியிருக்கலாம். 1980களில் அமெரிக்க ஆய்வாளர் ரே கெல்லர் அந்தத் திசுவைத் தனியே வெட்டி எடுத்தார். அப்படி இரண்டு துண்டுகளை உட்புறங்கள் ஒட்டும்படி சேர்த்து, உப்புக் கரைசலில் வளர்த்தார். இழுக்கவும் ஆளில்லை, தள்ளவும் ஆளில்லை. துண்டு தானாகவே ஒடுங்கி, தானாகவே நீண்டது. கருவியல் பரிசோதனைகளில் இதைவிட அழகானது எனக்குத் தெரிந்து குறைவு.

ஒவ்வொரு செல்லும் இடமும் வலமும் கைபோல நீட்டி, பக்கத்துச் செல்லைப் பற்றிக்கொண்டு, இரண்டுக்கு நடுவே புகுகிறது. ரேஷன் கடையில் நாலு வரிசையாக நிற்பவர்கள் ஒருவருக்கிடையில் ஒருவர் நுழைந்து ஒரே வரிசையானால், வால் தெருமுனையைத் தொட்டுவிடும். யாரும் முன்னால் நடக்கவில்லை. பக்கவாட்டில் நெருங்கினார்கள், அவ்வளவே.

கை நீட்ட வேண்டிய திசையைச் செல்லுக்கு உணர்த்தச் சில புரதங்கள் இருக்கின்றன. அவற்றைக் கெடுத்துவிட்டால் கரு குட்டையாகவே நின்றுவிடும். பின்னர் மூளையும் தண்டுவடமும் ஆகும் நரம்புக்குழாயின் இரு கரைகளும் அகன்று கிடப்பதால் மூடிக்கொள்ளவும் முடியாது. சுண்டெலியிலும் இதே கதைதான். முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்த குழந்தைகள் சிலரிடம் இந்தப் புரதங்களுக்கான மரபணுக்களில் மாற்றங்களைக் கண்டிருக்கிறார்கள்.

அந்த வட்டத் துளை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். சுருங்கிச் சுருங்கி, தலைப்பிரட்டையின் மலவாய் அமையும் இடமாகிறது. வாய் எதிர்முனையில், வெகுநேரம் கழித்துத்தான் திறக்கும்.