‘கரிஸ்மா’: சொற்பிறப்பும் தமிழாக்கமும்

முன்னுரை

தலைவர்களிடமும் கலைஞர்களிடமும் காணப்படும் தனிப்பட்ட ஈர்ப்பாற்றலைக் குறிக்க ‘கரிஸ்மா’ என்னும் சொல் இன்று பரவலாக வழங்குகிறது. தமிழில் இது ‘கவர்ச்சி’, ‘வசீகரம்’ எனப் பெயர்க்கப்படுகிறது. இவை மூலச்சொல்லின் பொருளை எந்த அளவிற்கு உணர்த்துகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொற்பிறப்பு

கிரேக்க மொழியில் ‘காரிஸ்’ என்பது அருள், நயம் ஆகிய பொருள்களைத் தரும். அதனோடு உறவுடைய வினைச்சொல் மனமுவந்து அளித்தலைச் சுட்டும். வினையின் பயனைக் காட்டும் ‘மா’ என்னும் ஈறு பெற்ற ‘காரிஸ்மா’, ‘அளிக்கப்பெற்றது’, அதாவது ‘கொடை’ எனப் பொருள்படும். கி.பி. முதல் நூற்றாண்டில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில், இறைவாக்கு உரைத்தல், நோய் தீர்த்தல் முதலிய ஆற்றல்கள் இச்சொல்லால் குறிக்கப்பெறுகின்றன. அவை பெறுபவரின் பெருமைக்காக அன்றிப் பொதுநன்மைக்காகவே அளிக்கப்படுவன என்பது அம்மடலின் கருத்து.

சமூகவியல் பொருள்

செருமானியச் சட்ட அறிஞர் ருடால்ஃப் சோம், திருச்சபைச் சட்டம் குறித்து 1892இல் வெளியிட்ட நூலில் தொடக்ககாலத் திருச்சபையின் அமைப்பை இச்சொல்லால் விளக்கினார். மாக்ஸ் வெபர் இதனைச் சமயத்துறைக்கு அப்பாலும் விரித்தார். அவர் மறைந்தபின் 1921–22இல் வெளிவந்த ‘பொருளாதாரமும் சமூகமும்’ என்னும் நூல், அதிகாரம் ஏற்கப்படுவதற்குச் சட்டம், மரபு, கரிஸ்மா என மூன்று அடிப்படைகளை வகுக்கிறது. ஒருவரிடம் இயல்பு கடந்த ஆற்றல் உண்மையில் உள்ளதா என்பதன்று வெபரின் வினா. பின்பற்றுவோர் அதனை ஏற்கின்றனரா என்பதே. தலைமையால் நன்மை விளையாதபோது அவ்வேற்பும் குன்றும் என்கிறார் அவர்.

தமிழாக்கம்

‘கவர்ச்சி’ என்பதன் அடிச்சொல்லான ‘கவர்’ பற்றிக்கொள்ளுதலையும் பறித்தலையும் குறிக்கும். ‘வசீகரம்’ என்னும் வடசொல் பிறரைத் தன்வயப்படுத்துதலாகும். மூலச்சொல் கொடுத்தலிலிருந்து பிறக்க, இவ்விரண்டும் கொள்ளுதலிலிருந்து பிறக்கின்றன. தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகள் ஆளும் ‘வரம்’, ‘அருள்கொடை’ ஆகியனவே மூலப்பொருளுக்கு அணுக்கமானவை.

முடிவுரை

அரசியல் ஆய்வுகளில் ‘கவர்ச்சித் தலைமை’ என எழுதும்போது தலைவரின் தோற்றமும் பேச்சும் முதன்மை பெறுகின்றன; மக்கள் ஏன் ஏற்றனர் என்னும் வினா பின்தள்ளப்படுகிறது. பொதுவழக்கில் ‘கவர்ச்சி’ நிலவலாம். வெபரின் கருத்தாக்கத்தைக் கையாளும் ஆய்வாளர், ‘கரிஸ்மா’ என ஒலிபெயர்த்து, ‘பின்பற்றுவோரால் ஏற்கப்பெற்ற தனியாற்றல்’ என முதலிலேயே வரையறுப்பது பொருத்தமாகும்.