புதுச் சட்டை என்றால் அலறும் 2 வயது வாண்டுகள்!
"வளர்ற பிள்ளை" என்று வாங்கும் தொளதொள துணியில் இருக்கும் ஆபத்து

தியாகராய நகர் ரங்கநாதன் தெரு. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. எள் போட்டால் எள் விழாது. அப்படி ஒரு கூட்டம்.

அந்த இரைச்சலையும் மீறி ஒவ்வொரு துணிக்கடையிலும் "வீல்" என்று ஒரு சத்தம் கேட்கும்.

"வேணாம்! வேணாம்!"

இரண்டு வயதுக் குழந்தை. தலை சட்டைக்குள் மாட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டு கைகளும் காற்றில் துழாவுகின்றன. அம்மா சட்டையைக் கீழே இழுக்கிறார். அப்பா பணத்தை எண்ணிக்கொண்டு நிற்கிறார். பாட்டி தீர்ப்புச் சொல்கிறார்.

"இன்னும் ரெண்டு சைஸ் பெரிசா எடு. வளர்ற பிள்ளை!"

அவ்வளவுதான். பில் போட்டாச்சு. பையில் போட்டாச்சு. வீட்டுக்குப் போன பிறகுதான் வினை ஆரம்பம்.

சென்னையில் இது ஒரு வீட்டுக் கதை அல்ல. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, புரசைவாக்கம், பாண்டிபஜார், எங்கே போனாலும் இதே கதைதான்.

தவறு யார் பக்கம்?

"என் பிள்ளைக்கு ரொம்ப அடம்" என்று எல்லாத் தாய்மார்களும் சொல்கிறார்கள். அடம் உண்டுதான். ஒன்றரை வயதில் இருந்து மூன்று வயது வரை "வேணாம்", "நானே" என்கிற இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டே குழந்தை வீட்டை ஆட்டிப் படைக்கும். அது வளர்ச்சியில் ஒரு கட்டம்.

ஆனால், துணி விஷயத்தில் பல நேரம் நியாயம் குழந்தை பக்கம் இருக்கிறது. "கழுத்தில் குத்துகிறது", "இடுப்பை இறுக்குகிறது" என்று சொல்ல அதற்கு வார்த்தை தெரியாது. தெரிந்தது அழுகை மட்டும்.

துணியை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தால் தடயம் கிடைக்கும். கழுத்தின் பின்பக்கம் நைலான் லேபிள் இருக்கும். அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தால் தெரியும், சுரீர் என்று இருக்கும். அக்குளில் தடித்த தையல் இருக்கும். பளபளக்கும் வலைத்துணி பிராக்கின் உள்ளே லைனிங் இருக்காது. வெளியே ஜரிகை மின்னும். உள்ளே அதே ஜரிகையின் நூல் முனை முள் மாதிரி நிற்கும்.

பெரியவர்கள் என்றால் உள்ளே ஒரு பனியன் போட்டுக்கொள்வார்கள். குழந்தைக்கு நேராகத் தோலிலே மாட்டிவிட்டு, "சிரி, போட்டோ எடுக்கணும்" என்றால் எப்படிச் சிரிக்கும்?

தலை பெரிது, கழுத்து சிறிது

சட்டையைத் தலை வழியாகப் போட்டால் ஏன் இந்த அலறல்? இதற்கும் காரணம் உண்டு.

இரண்டு வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 48 செ.மீ. மார்பின் சுற்றளவும் கிட்டத்தட்ட அதே அளவுதான். பெரிய ஆளுக்கு மார்பு 90 செ.மீ. இருந்தால் தலை 55 செ.மீ. சுமார்தான் இருக்கும். அதனால் நம் பனியன் நமக்குச் சரேல் என்று இறங்குகிறது. குழந்தைக்கு உடம்பு நுழைகிற சட்டையில் தலை நுழையாது. காதை இழுத்து, மூக்கை அழுத்தி, நாலைந்து விநாடி கண்ணை மறைத்து, அப்புறம்தான் வெளிச்சம். ஒரு தடவை அப்படி மாட்டிக்கொண்ட குழந்தை அடுத்த தடவை சட்டையைப் பார்த்ததுமே ஓடும்.

தோளில் இரண்டு பொத்தான் வைத்த சட்டை, அல்லது முன்பக்கம் முழுதும் திறக்கிற சட்டை வாங்கினால் பாதிச் சண்டை தீரும். பொத்தானை இழுத்துப் பார்த்து வாங்க வேண்டும். ஆடுகிற பொத்தான் நேராக வாய்க்குத்தான் போகும்.

அடுத்தது இடுப்பு. இந்த வயதில் தொப்பை இருப்பது சாதாரணம். வயிற்றுத் தசை இன்னும் கெட்டிப்படவில்லை. இடுப்பு எது, வயிறு எது என்று பிரித்துச் சொல்ல முடியாத உடம்பு. டிரவுசரின் எலாஸ்டிக் தொப்பைக்கு மேலே நின்றால் இறுக்கும். கீழே நின்றால் வழுக்கும். போதாததற்கு நம் வீட்டில் அர்ணாக் கயிறு வேறு. எலாஸ்டிக் அந்தக் கயிற்றின் மேலே உட்கார்ந்து அழுத்தினால் சிவப்பாக வரி விழும். ராத்திரி துணியைக் கழற்றும்போது வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் டிரவுசரை மாற்று. கயிறு இறுகி இருந்தால் கயிற்றையும் தளர்த்து.

டயப்பர் கட்டுகிற குழந்தைக்கு, டயப்பரோடு சேர்த்து அளவு பார்க்காமல் எடுத்தால் அது வீண் செலவு.

பெரிசா எடுத்தால் என்ன?

"ஆறு மாசத்தில் சின்னதாகப் போகிற துணிக்கு இவ்வளவு விலையா?" என்று கேட்கிற குமாஸ்தா குடும்பத்தைக் குறை சொல்ல முடியாது. பருத்திப் பின்னல் துணி முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கவும் செய்யும். அதனால் ஒரு சைஸ் பெரிசு நியாயமே.

இரண்டு சைஸ், மூன்று சைஸ் பெரிசு என்பதுதான் கணக்கில் இடிக்கிறது.

பிறக்கும்போது குழந்தை 50 செ.மீ. நீளம். ஒரு வயதில் சுமார் 75 செ.மீ. அதாவது முதல் வருடம் மட்டும் 25 செ.மீ. வளர்த்தி! இரண்டாவது வருடம் 12 செ.மீ. மூன்றாவது வருடம் 8 அல்லது 9 செ.மீ. தான். இரண்டு வயதுக்கு மேல் வேகம் குறைந்துவிடுகிறது. பாட்டி மனதில் இருப்பது முதல் வருடக் கணக்கு. அந்தக் கணக்கில் வாங்கிய பிராக் உடம்புக்குச் சரியாக வரும்போது சாயம் போயிருக்கும்.

அதுவரை என்ன நடக்கிறது? பேண்ட் காலுக்குக் கீழே மடிகிறது. குழந்தை அதை மிதித்து விழுகிறது. மாடிப்படியில் விழுந்தால் மண்டையில் தையல்.

லூசான டிரவுசருக்கு அம்மா ஊக்கு குத்துகிறார். இது வீட்டுக்கு வீடு நடக்கிற காரியம். ஊக்கு திறந்துகொண்டால் தொப்பையில் குத்தும். கழன்று விழுந்தால் குழந்தை எடுத்து விழுங்கும். திறந்த ஊக்கு தொண்டைக்குள் போனால் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு எடுக்கிற நிலைமை. ஒரு டிரவுசருக்காக இது தேவையா?

மோட்டார் சைக்கிளில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே உட்கார்ந்து வரும் குழந்தையின் நீளப் பாவாடை பக்கத்தில் தொங்குகிறது. பின்சக்கரத்துக்குத் துணி சிக்காத தடுப்பு வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. துணி சிக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மெட்ரோ ஸ்டேஷனிலும் பெரிய கடைகளிலும் இருக்கும் நகரும் படிக்கட்டிலும் இதே அபாயம் இருக்கிறது. படி உள்ளே போகிற இடத்தில் தரையைக் கூட்டுகிற பாவாடை மாட்டினால் இழுத்துக்கொண்டு போகும். அங்கே குழந்தையைத் தூக்கிக்கொள்வதே நல்லது.

நெருப்பு!

எல்லாவற்றிலும் பயங்கரம் நெருப்பு. குத்துவிளக்கு, மத்தாப்பு, தரையில் வைத்த அடுப்பு. உடம்போடு ஒட்டாமல் விரிந்து நிற்கிற பிராக்கின் ஓரம் முதலில் அங்கே போய்விடும். குழந்தைக்குத் தெரியாது. துணிக்கும் உடம்புக்கும் நடுவே காற்று நிறைய இருந்தால் நெருப்புக்குக் கொண்டாட்டம். நைலான், பாலியெஸ்டர் என்றால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு தயார் நிலையில் இருப்பது நகரவாசிகளுக்குத் தெரிந்ததே.

துணியின் அளவுக்கும் நெருப்புக்கும் சம்பந்தம் உண்டு என்பதை அமெரிக்கா சட்டமாகவே போட்டிருக்கிறது. 9 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் இரவு உடை, எளிதில் தீப்பிடிக்காத துணியாக இருக்க வேண்டும். இல்லை என்றால் உடம்போடு ஒட்டிய அளவில் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது வழியை 1996-ல் விதியில் சேர்த்தார்கள். நம்ம திருப்பூரில் இருந்து அந்த நாட்டுக்குப் போகிற குழந்தைகள் இரவு உடைக்கும் இதே விதிதான்.

இன்னொன்று, கழுத்துக் கயிறு. தொப்பி வைத்த ஜாக்கெட்டில் கழுத்தைச் சுற்றி ஒரு நாடா தொங்குமே, அது. சறுக்கு மரத்திலும் பஸ் கதவிலும் நாடா மாட்டிக் குழந்தைகள் செத்துப்போனதால், அப்படி நாடா வைத்த சிறுவர் ஜாக்கெட்டுகள் ஆபத்தான பொருள் என்று 2011-ல் அங்கே அறிவித்தார்கள். நம் ஊர்க் கடையில் அந்த நாடா வைத்த சட்டை கண்ணில் பட்டால், வாங்கின கையோடு நாடாவை உருவிப் போட்டுவிடலாம். சட்டைக்கு ஒன்றும் ஆகாது.

போட வைப்பது எப்படி?

சில குழந்தைகளுக்கு ஒரே ஒரு மஞ்சள் பனியன்தான் உலகம். தொப்புள் தெரிகிற அளவுக்குச் சின்னதாகப் போயிருக்கும். கையைத் தூக்கினால் அக்குள் பிய்கிறது. ஆனாலும் அதுதான் வேண்டும். ராத்திரி துவைத்துக் காலையில் மாட்டுகிற வீடுகள் எத்தனையோ!

அதைத் திடீரென்று ஒளித்து வைத்தால் ரகளை. புதியதையும் அதன் பக்கத்திலேயே நாலு நாள் போட்டு வைக்கலாம். கரடி பொம்மைக்கு முதலில் மாட்டிவிடலாம். குழந்தையின் கண் பழகும்.

"சட்டை போட்டுக்கிறியா?" என்று கேட்டால் பதில் "வேணாம்". கேட்கவே வேண்டியதில்லை. இரண்டு சட்டையைக் காட்டி, "சிவப்பா, நீலமா?" என்று கேட்டால் குழந்தை ஒன்றைத் தொடும். இரண்டும் அளவான சட்டையாக இருக்க வேண்டும், அதுதான் சூட்சுமம். மூன்று, நாலு காட்டினால் குழம்பி மறுபடி அழுகை.

"நானே" என்கிற குழந்தையிடம் கடைசி வேலையை விட்டுவிட வேண்டும். டிரவுசரை முழங்கால் வரை அம்மா ஏற்றிவிட்டால் மீதியை அது இழுத்துக்கொள்ளும். முன்பக்கம் பின்னால் போனாலும் போகட்டும், ஒரு நாள் தெருவில் அப்படியே நடந்தால் ஒன்றும் குடி முழுகாது.

ஆபீஸ் நேரத்தில், எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இதெல்லாம் நடக்காது. அதற்கு ஒரே வழி, முதல் நாள் ராத்திரியே காலைத் துணியைப் போட்டுத் தூங்க வைப்பது. கசங்கினால் என்ன?

புதுத் துணியை ஒரு தடவையாவது அலசிப் போட வேண்டும். மொடமொடப்பும் கடை வாசனையும் போகும். "கோடித் துணியை நனைக்கக் கூடாது, அப்படியே மஞ்சள் வைத்துப் போடணும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதே பெரியவர்கள்தான் பிறந்த குழந்தையைத் தாத்தாவின் பழைய வேட்டியில் சுற்றினார்கள். ஏன்? பல தடவை துவைத்த துணி மெத்தென்று இருக்கும். அலசிக் காய வைத்து, அப்புறம் மஞ்சள் வைத்தால் சாமி கோபிக்காது.

எதைப் போட்டாலும் அலறுகிறது, நகம் வெட்டினாலும் தலை வாரினாலும் அதே கூப்பாடு, சாப்பாட்டிலும் ஒன்றிரண்டுதான் இறங்குகிறது என்றால், அது துணிப் பிரச்சினை மட்டும் அல்ல. சில குழந்தைகளுக்குத் தொடு உணர்ச்சி அதிகம். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்கோ, தெரிந்த குழந்தை டாக்டரிடமோ கூட்டிப் போய்க் காட்ட வேண்டும். அடித்துச் சரி செய்கிற விஷயம் இல்லை இது.

டக் இருக்கிறதே!

பாட்டியின் சிக்கனமும் கெடாமல், குழந்தையும் விழாமல் இருக்க நம் ஊரிலேயே ஒரு பழைய வழி இருக்கிறது. பட்டுப் பாவாடையில் குறுக்கே டக் பிடித்துத் தைப்பார்களே, அதுதான். வருடத்துக்கு ஒரு டக் பிரித்தால் பாவாடையும் கூடவே வளரும். மூன்று வருடம் ஓடும். பிராக்கின் ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்தாலும் இதே பலன். பேண்ட் காலையும் அப்படியே. துணியை வெட்டக் கூடாது, மடிக்க மட்டும் வேண்டும் என்று தையல்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பெரிய கை தையல் போதும், பிரிக்கச் சுலபம்.

பெரிசாகத்தான் வாங்குவேன் என்பவர்கள் வாங்கட்டும். அளவாக மடித்துப் போடட்டும்.

பிளாட்பாரத்தில் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆல்டரேஷன் தையல்காரர் சென்னையில் எந்தப் பேட்டையிலும் கிடைப்பார். தீபாவளி வாரத்தில் போனால் அவர் தலை நிமிர மாட்டார். பத்து நாள் முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். குழந்தையையும் கூட்டிப்போய் நேரில் அளவு எடுக்கச் சொல்லலாம். அளவு டேப்பைப் பார்த்தும் அது அழும். டேப்பை ஒரு நிமிடம் அதன் கையில் கொடுத்து, அம்மா கையை அளக்கச் சொன்னால் அடங்கிவிடும்.