கூடுவாயைக் கவனியுங்கள்!



கடலூர் முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் சிதம்பரத்திலும் முற்றம் வைத்துக் கட்டிய ஓட்டு வீடுகள் இன்னும் சில எஞ்சி நிற்கின்றன. அத்தகைய வீட்டில் நீங்கள் வாழ்பவராயின், மழைக்காலத்தில் எந்த இடம் முதலில் ஒழுகுகிறது என்று கவனித்ததுண்டா? பெரும்பாலும் அது முற்றத்தின் நான்கு மூலைகளுள் ஒன்றாகவே இருக்கும். காரணம் என்ன?

இத்தகைய கூரையில் இரு சரிவுகள் சந்திக்கும் இடங்கள் இருவகைப்படும். வீட்டின் வெளிமூலையில் அவை முதுகுபோல் புடைத்து நிற்கும். அங்கே தாங்குவது மூலைக்கைமரம். முற்றத்தின் உள்மூலையில் அவை பள்ளமாகக் கூடும், அதுவே கூடுவாய். உத்தரத்திலிருந்து முகட்டு வளைவரை நேராக ஏறும் மற்றக் கைமரங்களைப் போலன்றி, இவ்விடங்களின் மரங்கள் மூலைவாட்டில் ஏறுகின்றன. அருகிலுள்ள கைமரங்கள் முழு நீளம் செல்லாமல் இவற்றிலேயே வந்து முடிகின்றன. ஆகவே பாரமும் இவற்றின் மீதே மிகுதி.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். முகடு உத்தரத்திலிருந்து 6 அடி தள்ளி, 4 அடி உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். நேரான கைமரத்தின் நீளம் சுமார் 7.2 அடி, மூலைவாட்டு மரத்திற்கோ சுமார் 9.4 அடி வேண்டும். ஏறும் உயரமோ அதே 4 அடிதான். எனவே கூடுவாயின் சரிவு குறைந்து, இருபக்கத்து நீரும் அங்கே சேர்ந்து மெதுவாக ஓடுகிறது. அடியிலுள்ள தகடு துருப்பிடித்தாலோ, சருகு அடைத்துக் கொண்டாலோ, நீர் ஓட்டின் கீழ்ப் புகுந்து மரத்தை இற்றுப்போகச் செய்கிறது.

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே 'தானே' புயல் கரையைக் கடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வெளிமூலைகளிலும் சரிந்திறங்கும் கூரையில் காற்றை நேரே எதிர்க்கும் முக்கோணச் சுவர் இல்லை. அதனால் இருசரிவுக் கூரையைவிட அது புயலைத் தாங்கவல்லது. ஆனால் மூலை மரம் இற்றுப்போயிருந்தால் அவ்வலிமை எங்கிருந்து வரும்?

ஆகவே, ஐப்பசி மழைக்கு முன்பே தச்சரை அழைத்துக் கூடுவாயைப் பாருங்கள். சருகை அகற்றி, பழுதான தகட்டை மாற்றுங்கள். மரத்தில் கத்தி முனையை அழுத்தினால் மெத்தென்று உள்ளிறங்குகிறதா? அந்த மரத்தை உடனே மாற்றுங்கள்.

"ஒழுகுகிறதே!" என்று சலித்து வீட்டையே இடிக்கத் துணிவோர் நம்மில் பலர். ஒரு மரத்தை மாற்றினால் தீரும் குறைக்காக, வாப்பா கட்டிய வீட்டை இழக்கத்தான் வேண்டுமா? சற்றே சிந்தியுங்கள்.