மலாக்காவை விட்டுப் போன சுல்தான்

தே தாரேக் ஆறட்டும் தம்பி, அதற்குள் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பாடத்தில் 1511 ஆகஸ்டில் மலாக்கா விழுந்ததோடு சுல்தான் மாமுட் ஷா காணாமல் போய்விடுவார். அதற்குப் பிறகும் மனிதர் 17 வருடம் இருந்தார். பெரும்பகுதி சண்டையில்தான் போனது.

போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க்கின் முதல் தாக்குதல் ஜூலை 25இல். ஆற்றுப்பாலத்தைப் பிடித்தும் தக்கவைக்க முடியாமல் கப்பலுக்குத் திரும்பினார். சுல்தானே யானைமேல் வந்து எதிர்த்து நின்றார். அடுத்த முறை பாலம் போனது. நகரமே அந்தப் பாலத்தின் இரு பக்கமும்தானே இருந்தது!

நம் ஆட்கள் எந்தப் பக்கம் என்று கேட்பாய். நைனா சத்து என்ற தமிழ் வணிகர் போர்த்துகீசியருக்கு உதவினார். ஜெயித்ததும் அவரையே பெண்டாஹாரா என்ற உயர் பதவியில் அமர்த்தினார்கள். துரோகம் என்று ஒரே சொல்லில் முடிக்க எனக்கு மனமில்லை. முந்தின வருடம்தான் சுல்தான் தன் பெண்டாஹாரா துன் முத்தாஹிரை உறவினரோடு சேர்த்துக் கொன்றிருந்தார். அவரும் தமிழ் முஸ்லிம் வம்சாவளி. சொந்த அரண்மனையையே நம்பாத அரசரை வியாபாரி எவ்வளவு நம்புவான்?

ஆனால் தோற்ற பிறகுதான் மாமுட் கெட்டிக்காரர் ஆனார். மலாக்காவுக்கு அரிசி ஜாவாவிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் கப்பலில் வரவேண்டும். மூவார், பகாங் என்று அலைந்து பிந்தான் தீவில் போய் உட்கார்ந்தவர், அந்தக் கடல்வழியிலேயே கை வைத்தார். மலாக்கா கோட்டைக்குள் இருந்த போர்த்துகீசியருக்குப் பசி. 1526இல் போர்த்துகீசியர் பிந்தானை அழித்தார்கள். சுமத்திராவின் கம்பாருக்குத் தப்பியவர் 1528இல் அங்கேயே இறந்தார்.

மகன் அலாவுதீன் ஜொகூர் ஆற்றங்கரையில் அரசைத் தொடங்கினார். கூலாயிலிருந்து கோத்தா திங்கிக்குப் போனால் பார்ப்பாயே, அதே ஆறு. 1587இல் போர்த்துகீசியர் அந்த ஆற்றங்கரைத் தலைநகரம் ஜொகூர் லாமாவை அழித்தார்கள். தலைநகரம் ஆற்றின் மேல்பக்கம் நகர்ந்துகொண்டது.

1606இல் ஜொகூருக்கு டச்சுக்காரரோடு ஒப்பந்தம். பிடித்தால் மலாக்கா நகரம் டச்சுக்கு, சுற்றுப்புறம் ஜொகூருக்கு என்று எழுதிக்கொண்டார்கள். 1641 ஜனவரியில் ஜொகூரின் உதவியோடு டச்சுக்காரர் கோட்டையைப் பிடித்தார்கள். மாமுட்டின் நகரம் ஜொகூருக்குத் திரும்பவில்லையே என்பாய். ஜொகூர் கணக்குப் பார்த்துத்தான் கையெழுத்திட்டது என்பது என் எண்ணம்: கோட்டையில் யார் இருந்தாலும் சரி, தன் ஆற்றுக்குள் பீரங்கியோடு வருகிறவன் தொலைந்தால் போதும்.