தின்குழியமைத் தடுப்பு

தின்குழியமைத் தடுப்பு என்பது, உடலுக்குள் நுழைந்த நோய்க்கிருமிகள் தம்மைத் தின்குழியங்கள் விழுங்கி அழிக்காதவாறு தடுத்துக்கொள்ளும் முறைகளைக் குறிக்கும். விழுங்கும் செயலை இலியா மெச்னிக்கோவ் 1882 ஆம் ஆண்டு இத்தாலியின் மெசீனா நகரில், நட்சத்திர மீன்களின் இளம் உயிரிகளில் கண்டறிந்தார். 1908 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை அவர் பால் எர்லிக்குடன் பகிர்ந்துகொண்டார்.

விழுங்கல் நடைபெறும் விதம்

தின்குழியங்கள் சில கிருமிகளை நேரடியாகவே இனங்காணும். எனினும் பெரும்பாலும் பிறபொருளெதிரிகளும், சி3பி போன்ற நிரப்புப் புரதங்களும் முதலில் கிருமியின் மீது ஒட்டுகின்றன. தின்குழியத்தின் ஏற்பிகள் அவற்றைப் பற்றிக்கொண்டதும், ஆக்டின் இழைகளின் உந்துதலால் உயிரணு மென்சவ்வு கிருமியைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. இத்தொடரின் எந்தப் படி தடைப்பட்டாலும் கிருமி தப்பிவிடும்.

உறை

நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் பாக்டீரியா, கூட்டுச்சர்க்கரையாலான தடித்த உறையை அணிந்துள்ளது. நிரப்புப் புரதம் உறைக்கு அடியிலுள்ள சுவரில் படிந்தாலும், தின்குழியத்தின் ஏற்பி அதனை எட்டுவதில்லை. 1928 இல் பிரெடெரிக் கிரிஃபித் செய்த சோதனையில் உறையுள்ள வகை எலிகளைக் கொன்றது. உறையற்ற வகை கொல்லவில்லை. டி.என்.ஏ.வின் வரலாறாக மட்டுமே பாடநூல்களில் கூறப்படும் இச்சோதனை, உறையின் வரலாறும் ஆகும்.

உறையின் மீதே ஒட்டும் பிறபொருளெதிரிகள் இருந்தால் இத்தடை பயனற்றுப் போகிறது. நியூமோகாக்கஸ் தடுப்பூசிகள் இந்த அடிப்படையிலேயே அமைந்தவை. ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடல், தனித்த கூட்டுச்சர்க்கரைக்கு எதிராகப் போதிய பிறபொருளெதிரிகளை உருவாக்குவதில்லை. இக்கிருமியால் சிறு குழந்தைகள் பெருமளவில் இறந்ததால் இக்குறை பெரிதாயிற்று. சர்க்கரையைப் புரதத்துடன் பிணைத்து இச்சிக்கல் தீர்க்கப்பட்டது. ஏழு உறை வகைகளுக்கான அத்தகைய தடுப்பூசி 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இந்தியா 2017 முதல் இவ்வகைத் தடுப்பூசியைத் தனது பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் படிப்படியாகச் சேர்த்தது. அறியப்பட்ட உறை வகைகள் நூறுக்கும் மேற்பட்டவை. எனவே எந்தத் தடுப்பூசியும் அனைத்தையும் தடுப்பதில்லை.

உறையுள்ள கிருமிகளைக் குருதியிலிருந்து வடிகட்டுவதில் மண்ணீரலின் பங்கு பெரிது. ஆகவே மண்ணீரல் அகற்றப்பட்டோருக்கு இத்தடுப்பூசி குறிப்பாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

பிற முறைகள்

ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தனது ஏ-புரதத்தால் பிறபொருளெதிரியின் வால் பகுதியைப் பற்றிக்கொள்கிறது. தின்குழியம் பிடிக்கவேண்டிய பகுதியும் அதுவே. கொள்ளைநோய்க் கிருமியான யெர்சினியா பெஸ்டிஸ், ஊசி போன்ற அமைப்பின் வழியே தின்குழியத்துக்குள் புரதங்களைச் செலுத்தி ஆக்டின் இழைகளைச் செயலிழக்கச் செய்கிறது.

காசநோய்க் கிருமியையும் இவ்வரிசையில் சேர்ப்பது பொருந்தாது. அது விழுங்கப்படுவதைத் தடுப்பதில்லை. விழுங்கப்பட்ட பின், செரிக்கும் நொதிகள் நிறைந்த லைசோசோம் தன்னுடன் இணையாதவாறு தடுத்து, தின்குழியத்தினுள்ளேயே வாழ்கிறது.