அடம் பிடிக்கும் வாண்டு... அடக்கணுமா, தணிக்கணுமா?

திருத்தணி மலைக்கோயில். முடி காணிக்கை செலுத்தும் இடம். இரண்டு வயசு வாண்டு ஒன்று தரையில் புரண்டு, காலை உதைத்து வீரிட்டுக் கொண்டிருக்கிறது. ‘ஏடவகுரா கண்ணா...’ என்று தெலுங்கில் கொஞ்சுகிறார் பாட்டி. எல்லை ஊராச்சே! ‘போலீஸ்கிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவேன்’ என்று தமிழில் மிரட்டுகிறார் அப்பா. ‘புள்ளையை வளர்க்கத் தெரியலை’ என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுக்க, கூனிக் குறுகி நிற்கிறார் அம்மா.

பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு பழநிக்குப் போனவர் முருகன். போர்கள் எல்லாம் முடிந்து அவர் கோபம் தணிந்த இடம் என்பதால்தான் இந்த மலைக்குத் தணிகை என்று பெயர் வந்ததாகப் புராணம் சொல்கிறது. கோபத்தை ‘அடக்குவது’ வேறு, ‘தணிப்பது’ வேறு. அம்மாக்கள் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதுதான்.

ஏன் இந்தக் கோபம்?

அந்தக் குழந்தையின் காலைப்பொழுதைக் கொஞ்சம் யோசியுங்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பியாச்சு. ரயில் பயணம். 365 படிகள். ‘மொட்டை போட்டப்புறம்தான் டிபன்’ என்று வேண்டுதல். போதாததற்குக் கையில் கத்தியோடு முன்பின் தெரியாத ஆள்! அழாமல் என்ன செய்யும்?

ஒன்றரை வயதுவாக்கில் தொடங்கும் இந்த அடம், இரண்டு மூன்று வயதில் உச்சத்துக்குப் போய், நாலு வயதுக்கு மேல் பொதுவாகக் குறைந்துவிடும். ஆசைகள் ஏராளம், சொல்ல வார்த்தைகள் கொஞ்சம். உணர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதி முழுசாக முதிர இருபது வயசுக்கும் மேல் ஆகிறது. அதனால், இது திமிர் அல்ல. வளர்ப்புக் குறையும் அல்ல.

அமெரிக்க மனவியல் நிபுணர் ஃபிளாரன்ஸ் குட்எனஃப், தாய்மார்களைக் கொண்டே குழந்தைகளின் கோபத்தைத் தினமும் குறித்து வைக்கச் செய்து, 1931-ல் ஆய்வை வெளியிட்டார். சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்புதான் கோபம் அதிகம் வெடித்ததாம்!

என்ன செய்யலாம்?

* அடிபடாத, கூட்டமில்லாத இடத்துக்குத் தூக்கிப் போங்கள். பக்கத்திலேயே உட்காருங்கள்.

* குரலைத் தாழ்த்தி, ‘பலூன் கிடைக்கலேன்னு கோபமா இருக்கா கண்ணா?’ என்று அவன் மனசிலிருப்பதை நீங்களே சொல்லுங்கள்.

* கூடாது என்றால் கூடாதுதான். அம்மா மறுத்ததைப் பாட்டி வாங்கிக் கொடுத்தால், ‘அழுதா கிடைக்கும்’ என்ற பாடம் மனசில் பதிந்துவிடும்.

* அடிக்காதீர்கள், பூச்சாண்டி காட்டாதீர்கள். அழுகையை நிறுத்த செல்போனையும் நீட்டாதீர்கள். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம்.

* அடங்கியதும் அணைத்துக் கொள்ளுங்கள். அட்வைஸ் வேண்டாம்.

மூச்சை அடக்கினால்...

சில குழந்தைகள் அழுதபடியே மூச்சை அடக்கி, நீலம் பாய்ந்து மயங்கிவிடும். பெற்றவளுக்கு உயிரே போய்விடும்! ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உலுக்காதீர்கள், வாயில் எதையும் ஊட்டாதீர்கள். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு தானாக வந்துவிடும். அதற்கும் மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தானாகத் தெளிந்தாலும், முதல் தடவை என்றால் டாக்டரிடம் காட்டியே ஆகணும். இரும்புச்சத்துக் குறைவும் இதற்கு ஒரு காரணம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. சின்ன ரத்தப் பரிசோதனை போதும். டாக்டர் சொன்னால் இரும்புச்சத்து மருந்து கொடுக்கலாம்.

தன்னைத் தானே காயப்படுத்திக் கொள்வது, அரைமணிக்கு மேல் நீடிப்பது, தினமும் பலமுறை வருவது, இரண்டு வயதாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசாதது... இவற்றுக்கும் ஆலோசனை அவசியம்.

திருத்தணி வாண்டு என்ன ஆனான்? அம்மா அவனை ஓரமாக நிழலுக்குத் தூக்கிப் போனார். தண்ணீர், ரெண்டு வாய் இட்லி, பத்து நிமிஷம் மடி. ‘வேண்டுதல் என்னாகும்?’ என்று அப்பா தயங்க, ‘குழந்தை சாப்பிட்டா முருகன் கோவிச்சுக்க மாட்டார்’ என்று பாட்டியே சொல்லிவிட்டார். மொட்டையும் நல்லபடியாக முடிந்தது!

அடுத்த முறை கை ஓங்கும் முன் இரண்டே கேள்வி: ‘இவன் சாப்பிட்டானா? தூங்கினானா?’ பாதிக் கோபத்துக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.